மலையில் ஓடும் சைக்கிளுக்குக் கறுப்பா, வெள்ளியா? ஒரு கிராங்கை உரித்துப் பார்த்த பதிவு

குன்னூரில் இப்போது ஓடும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை தலை முதல் கால் வரை கறுப்பு. கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) கறுப்பு, ரிம் கறுப்பு, ஹேண்டில்பார், அதைச் சட்டத்தோடு பிணைக்கும் ஸ்டெம், சீட் போஸ்ட், போக்ஸ் கம்பி எல்லாமே கறுப்பு. கடையில் புதிதாக நிற்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு மழைக்காலம் போனபின் அதே வண்டியைப் பாருங்கள். கிராங்கில் ஷூவின் குதிகால் உரசும் இடம் வெளிறித் திட்டுத் திட்டாகியிருக்கும். ஆறுமுனைக் குழித் தலை கொண்ட ஆலன் போல்ட்டுகளின் குழிக்குள் செம்பழுப்புத் துரு ஏறியிருக்கும். வெயில் படும் பக்கம் ஊதா கலந்த பழுப்பாக மாறியிருக்கும். என் சைக்கிளும் இந்த நிலைக்கு வந்துவிட்டிருந்தது. எதைக் கறுப்பாகவே விடுவது, எதை வெள்ளியாக்குவது என்று ஒவ்வொரு பாகமாக யோசித்து வேலை பார்த்தேன். அந்த விவரங்கள்தான் இவை.

வெள்ளி என்று நான் சொல்வது அலுமினியத்தின் சொந்த நிறத்தை. எனக்கு அது பிடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிடித்தம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

வண்டி பழைய குரோம்மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) இரும்புச் சட்டம் கொண்ட, நெடும்பயணத்துக்கான டூரிங் சைக்கிள், அடர்பச்சை நிறம், கேன்டிலீவர் பிரேக். ஊட்டிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஊர் மாறிப் போகும்போது வாங்கியது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை என்பதால் வைஸ், பெஞ்ச் கிரைண்டர், மல்டிமீட்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. இவை இல்லாதவர்களும் இதில் பாதிக்கு மேல் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் அந்தக் கறுப்பு எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். கறுப்பு கிராங்குகளில் இரண்டு வகை உண்டு. மலிவானவற்றில் வெறும் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங். சற்று விலை கூடியவற்றில் அனோடைசிங். அலுமினியப் பாகத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி வளர்கிறது. வழக்கமான அலங்கார அனோடைசிங்கில் இந்தப் படலம் 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். அது முழுக்க நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளில் கறுப்புச் சாயத்தை ஊறவைத்துப் பின்னர் கொதிநீரில் போட்டால் துளைகளின் வாய் அடைபட்டுச் சாயம் உள்ளே தங்கிவிடும். ஆக்சைடு கடினமானது, சாயம் அப்படியல்ல. பெரும்பாலும் அது கரிமச் சாயம், புற ஊதாக் கதிர் பட்டால் வெளிறும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடும் என்பது பொதுக் கணக்கு. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர். பனியும் மழையும் பழகிய நமக்கு வெயிலின் நினைப்பே வருவதில்லை. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மேகமில்லாத நாட்களில் இங்கே அடிப்பது சென்னையைவிடக் காட்டமான வெயில். தோல் கறுக்கிறது, சைக்கிளின் சாயம் வெளுக்கிறது.

வெள்ளி நிறத்தில் வரும் நல்ல கிராங்குகளிலும் அனோடைசிங் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மெருகேற்றிய பின் சாயமில்லாமல் மெல்லிய படலம் வளர்த்து அனுப்புகிறார்கள். அதில் கீறல் விழுந்தால் கீழே தெரிவதும் அதே நிறம்தான், அதனால் கண்ணை உறுத்துவதில்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் கறுப்புக்கு மாறினார்கள்? நம் தாத்தா காலத்து வண்டியில் நேர்மாறாக இருந்தது. சட்டம் கறுப்பு எனாமல். ரிம், ஹேண்டில்பார், கிராங்க், பெல் எல்லாம் குரோம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டின் தெருக்களை நிறைத்த ஹெர்குலிஸ் வண்டிகள் இப்படித்தான் இருந்தன. அலுமினியம் வந்தபோதும் இத்தாலியின் கம்பக்னோலோவும் ஜப்பானின் ஷிமானோவும் மெருகேற்றிய வெள்ளியைத்தான் உயர்தரத்தின் அடையாளமாக வைத்திருந்தன. பிறகு மலைச் சைக்கிள்கள் கறுப்பை வழக்கமாக்கின, கார்பன் ஃபைபர் சட்டங்கள் அதை உறுதிப்படுத்தின. கார்பன் பிறவியிலேயே கறுப்பு. அதன்மேல் வெள்ளிப் பாகம் ஒட்டாமல் தெரியும். இன்னொரு காரணத்தைப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். மெருகு என்பது ஒவ்வொரு துண்டையும் ஒருவர் கையில் பிடித்துச் சக்கரத்தில் காட்ட வேண்டிய வேலை. சாயமிடுவதோ கம்பித் தாங்கியில் வரிசையாகத் தொங்கவிட்டு ஒரே நேரத்தில் முக்கி எடுக்கும் வேலை. வார்ப்பில் வந்த சிறு குறைகளையும் கறுப்பு மூடிவிடும். ஷிமானோவின் 105 என்ற நடுத்தரப் பாக வரிசையில் 2018-ல் வந்த ஆர்7000 வரை கறுப்பு, வெள்ளி இரண்டும் கிடைத்தன. அதற்கடுத்து வந்த 12 கியர் ஆர்7100 கறுப்பில் மட்டுமே வந்தது. நடுத்தர விலையில் நல்ல வெள்ளிப் பாகம் வேண்டும் என்பவர் இன்று நிட்டோ, சுகினோ, வெலோ ஆரஞ்ச் போன்ற நிறுவனங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இறக்குமதி வரியும் சேர்ந்தால் அந்த விலை மலையேறிவிடுகிறது. அதனால்தான் இருக்கிற கிராங்கை உரித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

கிராங்க் புல்லரைப் போட்டு இரண்டு கைகளையும் கழற்றினேன். பல்சக்கரங்கள், அவற்றின் போல்ட்டுகள் என எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் இன்னொரு முறை கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அடுத்த வேலை திட்டுத் திட்டாகத்தான் வரும். பெயின்டா, அனோடைசிங்கா என்று பார்க்கக் கிராங்கின் பின்பக்கத்தில் கத்தி முனையால் மெல்லக் கீறினேன். பெயின்டாக இருந்தால் செதிலாகப் பெயரும். இது பெயரவில்லை, கண்ணாடியில் கீறியது போல் கத்தி வழுக்கியது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கறுப்பின்மேல் வைத்தால் தொடர்ச்சி காட்டவில்லை. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உரித்து முடிந்ததா என்று பார்க்கவும் இதே சோதனைதான்.

உரிப்பதற்குக் காஸ்டிக் சோடா. சோப்பு செய்வதற்கான பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகக்கூடும். முகத்தோடு ஒட்டி உட்காரும் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் நிறைய நல்ல தண்ணீர், இவை இல்லாமல் தொடங்கக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; வினிகர், எலுமிச்சை என்று எதையும் கண்ணில் ஊற்றக் கூடாது. வேலை நடப்பது திறந்த வெளியில் இருக்க வேண்டும். அலுமினியமும் காஸ்டிக் சோடாவும் சேரும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சுற்றுவட்டாரத்தில் நெருப்போ பீடியோ கூடாது. பாத்திரம் பிளாஸ்டிக் வாளி. தவறிப்போய் அலுமினியப் பாத்திரத்தை எடுத்தால் பாத்திரமே கரையத் தொடங்கிவிடும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

லிட்டருக்கு 50 கிராம் வீதம் கலந்தேன். கரையும்போதே தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர் காலையில் செய்வதால் அந்தச் சூடு நல்லதுதான், ஆறிய கரைசல் மெதுவாக வேலை செய்யும். பிளாஸ்டிக் கயிற்றில் கட்டி வலது கிராங்கை முதலில் இறக்கினேன். சிறிது நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஓரங்களில் ஊசிமுனைக் குமிழிகள் ஒவ்வொன்றாக ஒட்டின. அவற்றைச் சுற்றிக் கறுப்பு புகையாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கியது. ஓரம் முதலில், தட்டையான முகம் அடுத்து, எழுத்துப் பொறித்த பள்ளங்கள் கடைசியாக வெளுத்தன. மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக நுரைக்கத் தொடங்கியதும் உடனே தூக்கிவிட வேண்டும். அந்த நுரைப்பு ஆக்சைடு தீர்ந்து உலோகமே கரைகிறது என்பதன் அறிகுறி. கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் குமிழிகளைப் பார்ப்பதுதான் சரி. கலவையும் சூடும் மாறினால் நேரம் மாறும்.

வெளியே எடுத்ததும் ஏமாந்துவிடாதீர்கள். வெள்ளியை எதிர்பார்த்தால் கரி படிந்த அடுப்புக்கல் நிறத்தில் வரும். அலுமினியக் கலவையில் இருக்கும் செம்பு, சிலிக்கான், இரும்பு போன்றவை காஸ்டிக் சோடாவில் கரையாமல் மேலே தூளாகத் தங்கிவிடுகின்றன. தொழிற்சாலைகளில் நைட்ரிக் அமிலத்தில் முக்கி இதை நீக்குவார்கள். வீட்டில் அதெல்லாம் தேவையில்லை. ஓடும் தண்ணீரில் நைலான் நாரால் தேய்த்தால் போய்விடும். கீழே மங்கலான, பால் கலந்த சாம்பல் வெள்ளை தெரிந்தது. மல்டிமீட்டர் இம்முறை பீப் என்று ஒலித்தது.

அடுத்த படியைப் பலர் செய்வதில்லை. நான் கட்டாயம் என்பேன். உப்புத்தாள் போடும் முன், உரித்த கிராங்கை விரிசலுக்குச் சோதிக்க வேண்டும். தொழிற்சாலையில் தண்டுகளைச் சோதிக்க வைத்திருக்கும் ஊடுருவும் சாயம் இருந்தது. சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளிக்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த சாயம் மட்டும் மேலேறி வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் மென்மையான அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே போகாது. காஸ்டிக் சோடா அரித்த மேற்பரப்பு இந்தச் சோதனைக்கு மிகப் பொருத்தமானது.

வலது கிராங்கில் ஒன்றும் இல்லை. இடது கிராங்கில் பெடல் திருகும் துளையின் ஓரத்தில் ரத்தக் கோடு போல் ஒரு பிறை எழுந்தது, விரல் நகத்தின் பாதி அளவு. பொடியைத் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் அந்த இடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தது. கறுப்பாக இருந்த காலத்தில் அதே இடத்தில் பெடல் அழுத்தி வளையமாகத் தேய்ந்த தழும்பு இருந்தது. அதற்குள் இந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கிராங்குகள் உடையும் வழக்கமான இடங்களில் இது ஒன்று. பெடலின் தோள்பட்டை துளையின் விளிம்பில் ஒவ்வொரு மிதிக்கும் நுண்ணியதாக அரைத்துக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து விரிசல் தொடங்கி ஒருநாள் துளையின் காது முழுதாகப் பிளந்துவிடும். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையிலான கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த இடது கிராங்கை ஹாக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்த பிறகே பழைய இரும்புக்குப் போட்டேன். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள். மாற்று கிராங்க் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான்களுக்கிடையே கிடைத்தது, அதே நீளம், வெள்ளி நிறம், மங்கிப்போனது. அதற்கும் உரிப்பு, சாயச் சோதனை இரண்டையும் செய்தேன். தேறியது.

என் முடிவில் மாற்றமில்லாத ஒன்று இதுதான்: கிராங்க், பிரேக் கை போன்று உயிரைத் தாங்கும் தடித்த பாகங்கள் கண்ணுக்குத் திறந்து இருக்க வேண்டும். மெருகேற்றிய அலுமினியத்தில் கோடு விழுந்தால் துடைக்கும்போதே தெரிகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அனோடைசிங் படலம் கடினம், ஆனால் நொறுங்கும் இயல்புடையது. திரும்பத் திரும்ப வளையும் பாகத்தில் படலத்தில் விழும் நுண்வெடிப்பு உலோகத்துக்குள் இறங்க வழியாகிறது. அனோடைசிங் அலுமினியத்தின் களைப்பு வலிமையை (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறனை) குறைக்கும் என்பது பொறியியலில் அறியப்பட்ட செய்திதான். கிராங்கைத் தடிமனாகச் செய்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள்.

மெருகு வேலை பொறுமைக்கான வேலை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 320-ல் தொடங்கி 400, 600, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காகத் தேய்த்தால், முந்தைய கோடுகள் மறைந்துவிட்டனவா என்று தெரியும். கடைசித் தாள் மட்டும் கிராங்கின் நீளவாக்கில்தான் போக வேண்டும். கிராங்க் வளையும்போது இழுவிசை நீளவாக்கில் செல்கிறது. அதற்குக் குறுக்கே நிற்கும் கோடு ஒவ்வொன்றும் விரிசலுக்கு விதை. கிராங்க் அச்சில் மாட்டும் சதுரத் துளையின் உட்புறத்தையும் பெடல் மரையையும் தொடவே கூடாது. அந்த இரண்டையும் துணியடைத்து டேப் ஒட்டி மூடிவிட்டேன்.

பிறகு பெஞ்ச் கிரைண்டரில் துணிச் சக்கரம். முதலில் பழுப்பு மெழுகுக் கட்டி, அடுத்து வெள்ளைக் கட்டி. சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, சுழற்சிக்கு எதிராக எந்த ஓரமும் நிற்காதபடி பிடிக்க வேண்டும். ஐந்து கை கொண்ட வலது கிராங்கை அது பிடுங்கி எறியத் துடிக்கும். எரிந்துவிடும் அளவுக்குச் சூடேறும், எனவே தோல் கையுறை. தறியிழை கையுறை வேண்டாம், சக்கரம் நூலைப் பிடித்து விரலை இழுத்துவிடும். கிரைண்டர் இல்லாதவர்கள் 2000 தாளுக்குப் பிறகு பிராஸோவும் பழைய பனியன் துணியுமாகக் கையாலேயே தேய்க்கலாம். கண்ணாடிப் பளபளப்பு வராது. அமைதியான, ஆழமான ஒளி வரும். எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது. இடுக்குகளில் ஒட்டிய மெழுகை எடுக்க விபூதி. வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்க அம்மா அதைத்தான் எடுப்பார். எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்கிறது, கீறலும் விழுவதில்லை.

முடிவில் கார் மெழுகு. மேலே தெளிவான லாக்கர் அடித்துவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது. இங்கே ஈரப்பதம் லாக்கரின் ஒரு சிறு கீறல் வழியாகப் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல அடியில் அரித்துக்கொண்டே போகும். பிறகு லாக்கரை உரிக்க இன்னொரு வேலை. வெறும் அலுமினியம் காற்றுப் பட்ட கணத்தில் தனக்குத் தானே சில நானோமீட்டர் ஆக்சைடு போர்த்திக்கொள்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதைத் துளைத்து வெள்ளைப் பூஞ்சணம்போலக் கிளப்பிவிடும், அதனால் சென்னைக்காரருக்கு இந்த வேலையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நீலகிரியின் பனியில் உப்பு இல்லை. மங்கும், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு முறை, அக்டோபரில் வடகிழக்கு மழை குன்னூர் பக்கம் கொட்டத் தொடங்கும் முன் ஒரு முறை மெழுகு தேய்த்தால் போதுமானது.

இனி, கறுப்பாகவே விட்டவை. சீட் போஸ்ட்டைத் தொடவில்லை. இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியக் குழாய் இறங்கும்போது, ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து அலுமினியம் பொரிந்து சட்டத்தோடு ஒன்றாகிப்போகும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அனோடைசிங் படலம் மின்காப்பாக நின்று அதைத் தள்ளிப்போடுகிறது. அதோடு கிரீஸ் பூசி, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை வெளியே இழுத்துத் துடைத்துப் போட வேண்டும். ஹேண்டில்பாரும் கறுப்பு. அதன் சுவர் மெல்லியது; காஸ்டிக் சோடாவில் எவ்வளவு கரைந்தது என்று கணக்கு வைக்க முடியாத பாகத்தை அதில் இறக்கவே கூடாது. பாதிக்கு மேல் டேப்பின் அடியில்தான் இருக்கிறது. பெடல், ஹப் போல இரும்பு பேரிங் அடித்திருக்கும் எதையும் உரிக்க நினைக்க வேண்டாம். ஸ்டெம்மின் முன்மூடி ஒன்றை மட்டும் சோதனைக்காகப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து முக்கிப் பார்த்தேன். அது வார்ப்பு அலுமினியம், சிலிக்கான் அதிகம். எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் மேகம்போலத் திட்டுகள் நின்றன. வார்ப்புப் பாகங்களுக்குக் கறுப்புதான் பொருத்தம்.

ரிம் விஷயத்தில் உரிக்கும் பேச்சே இல்லை, புதிதாக வெள்ளி ரிம்தான் வாங்கினேன். இரட்டைச் சுவர், 36 துளை, பிரேக் கட்டை படும் முகம் கடைந்து எடுத்தது. கறுப்பு ரிம் வாங்கினாலும் அந்த முகத்தைக் கடைந்து வெள்ளியாக்கித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். முழுக் கறுப்பாக வருபவற்றில் பிரேக் கட்டை அந்தப் படலத்தை அரித்து முடிக்கும் வரை கீச்சிடும், பிடிப்பும் சீராக இருக்காது. சக்கரப் பொறியியலில் பெரிய பெயரான அமெரிக்கர் ஜாப்ஸ்ட் பிராண்ட், தடித்த கறுப்பு அனோடைசிங் ரிம்களைக் கடைசிவரை எதிர்த்தார். அந்தப் படலம் போக்ஸ் துளைகளைச் சுற்றி வெடிக்கக் காரணமாகிறது, பிரேக் சூட்டை ரிம்முக்குள் போகவிடாமல் தடுக்கிறது என்பது அவர் வாதம். மலையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது விஷயம் சும்மா விட்டுவிடக் கூடியதல்ல. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியும் சேர்த்து 90 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 13 லட்சம் ஜூல். சுமார் நான்கு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கணிசமான பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மெதுவாக இறங்கும்போது காற்றின் பங்கு குறைந்து, பிரேக் கட்டையும் ரிம்மும்தான் சுமக்கின்றன.

பழைய குரோம் இரும்பு ரிம் மழையில் நிற்காது என்பது அந்த வண்டி ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். ரப்பர் வழுக்கும், கால் தரையில் ஊன்றும். அதனால் வெள்ளி என்றதும் குரோமை நினைத்துப் பயப்பட வேண்டாம். கடைந்த அலுமினியம் ஈரத்தில் இரண்டொரு சுற்றுக்குள் தண்ணீரை வழித்துவிட்டுப் பிடிக்கும். ஒரு தொல்லை உண்டு: மழையில் ஓடியபின் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரப்பருக்குள் பளபளவென்று அலுமினியச் சில்லுகள் புதைந்திருக்கும். தையல் ஊசி முனையால் அவற்றை நெம்பி எடுத்துவிட்டு, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்து மாட்ட வேண்டும். விட்டால் அந்தச் சில்லுகளே ரிம்மைக் கடைந்து தள்ளிவிடும். இது கறுப்பு ரிம்முக்கும் பொருந்தும்.

சக்கரம் கட்டியது நானேதான். துருப்பிடிக்காத எஃகு கம்பி, கம்பியை ரிம்மில் முறுக்கிப் பிடிக்கும் பித்தளை நிப்பிள், கோட்டம் எடுக்கத் தொழிற்சாலை வைஸில் பிடித்த பழைய ஃபோர்க். கறுப்புக் கம்பி வாங்காததற்குக் காரணம் விலை மட்டுமே. அடியில் இருப்பது அதே எஃகுதான்.

போல்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சைக்கிளில் வரும் கறுப்பு ஆலன் போல்ட்டுகளில் பல வெறும் பிளாக் ஆக்சைடு. இரும்பின்மேல் ஒரு மைக்ரான் அளவுக்கு மேக்னடைட் (கறுப்பு இரும்பு ஆக்சைடு) படலம், அவ்வளவே. எண்ணெய் இருக்கும் வரைதான் அது துருவைத் தடுக்கும். நம் பனியில் எண்ணெய் கழுவிப்போனால் ஒரே வாரத்தில் செம்பழுப்பு ஏறிவிடும். குழிக்குள் துரு பிடித்து ஆறு முனையும் உருண்டுபோனால் போல்ட்டைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மட்கார்டு, கேரியர், தண்ணீர் பாட்டில் தாங்கி இவற்றுக்கெல்லாம் ஏ2 தர எவர்சில்வர் போல்ட் போட்டுவிட்டேன், அலுமினியத்துக்குள் போகும் மரைகளில் கிரீஸ் தடவி. ஸ்டெம், கிராங்க், பிரேக் இவற்றில் மட்டும் எவர்சில்வருக்கு மாறவில்லை. சாதாரண ஏ2-70 போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 12.9 தர எஃகு போல்ட்டின் வலிமை 1,200. பளபளப்புக்காக ஸ்டெம் போல்ட்டில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பது சரியல்ல. அங்கே பழைய கறுப்பு போல்ட்டுகளே, தலைக்குழியில் கெட்டி கிரீஸ் அடைத்து.

இப்போது வண்டியைப் பார்ப்பவர்களில் சிலருக்கு அது முடிவு பெறாத வேலையாகத் தெரிகிறது. கிராங்க் வெள்ளி, ரிம் வெள்ளி, பிரேக் வெள்ளி, ஹேண்டில்பாரும் சீட் போஸ்ட்டும் கறுப்பு. ஒரே நிறத்தில் முடித்திருக்கலாமே என்கிறார்கள். கோத்தகிரிச் சாலையில் கட்டபெட்டு தாண்டி வெயில் வாங்கும்போது அந்தக் கிராங்க் சுற்றுவதைக் குனிந்து பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு தம்பி போன மாதம் முழுக் கறுப்பில் புது வண்டி வாங்கி வந்து, "அண்ணா, இதையும் உரித்துவிடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். புதுப் படலம் முழுதாக இருக்கும்போது அதை அழிப்பது வீண். குதிகால் உரசும் இடத்தில் கிராங்குக்குத் தெளிவான தடித்த ஒட்டுத்தாள், பெடல் துளையில் மெல்லிய எஃகு வாஷர், மட்கார்டுக்கும் கேரியருக்கும் எவர்சில்வர் போல்ட், சீட் போஸ்ட்டில் கிரீஸ். இவ்வளவும் ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை பெடலைக் கழற்றித் துளையின் விளிம்பைத் துடைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கறுப்பு தேய்ந்து வளையம் வந்ததும் வண்டியை என்னிடம் கொண்டுவருவான். சிவப்புச் சாயம் அலமாரியில் இருக்கிறது.